என் கால்கள் தளர்ந்தபோது

(கீழ்பென்னாத்தூரில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில், நம் மருத்துவமனையில் பல வருஷங்களாகச் சிகிச்சை பெற்றுவரும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. தையல் தொழில் செய்துவரும் அவருடைய விருப்பப்படி பெயரை வெளியிடவில்லை.)



இந்தக் கூடுகையில் பேசவேண்டும் என்று ஐயா அவர்கள் என்னைக் கேட்டபோது, "மேடைக்கு எத்தனை படி?" என்றுதான் முதலில் கேட்டேன். நான்கு படி என்றார்கள். அப்படியானால் கீழே உட்கார்ந்தே பேசுகிறேன் என்றேன். அதனால்தான் உங்களில் பின்வரிசையில் இருப்பவர்கள் என் குரலை மாத்திரம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும்.

என் உயரம் 3 அடி 11 அங்குலம். வயது அறுபதைக் கடந்துவிட்டது. ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு வைத்த பெயர் சகேயு. பிள்ளைகள் கேலியாகத்தான் அழைத்தார்கள். ஆனாலும் வேதத்தில் என்னைப்போல் ஒருவன் இருக்கிறானே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கூட்டத்தில் ஒன்றும் தெரியாமல் அவன் முன்னே ஓடி, காட்டத்தி மரத்தில் ஏறினான் என்று வாசிக்கிறோம். ஓடினான், ஏறினான், சீக்கிரமாய் இறங்கினான். அந்த நாளில் அவனுக்கு முழங்கால் வலி இல்லை என்று தெரிகிறது. அறுபது வயதில் அவன் எப்படி நடந்தான் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. குள்ளமாய்ப் பிறந்தவர்களுக்கு வயதாகும்போது என்ன நேரிடுகிறது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலாவது, இது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்தபின் 4 அடி 10 அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர், அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் குள்ளத்தன்மை என்கிறார்கள். எலும்பு வளர்ச்சிக் கோளாறுகளில் 400-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. குள்ளத்தன்மைக்குக் காரணமானவற்றில் அதிகமாய்க் காணப்படுவது அகாண்ட்ரோபிளேசியா. எனக்கு இருப்பதும் அதுதான். ஏறக்குறைய 25,000 பிறப்புகளில் ஒன்று இப்படி அமைகிறது. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம் என்று 1994-ல் கண்டுபிடித்தார்கள். எலும்பின் நுனியிலுள்ள குருத்தெலும்பு வளர்வதை அந்த மரபணு ஒரு பிரேக் போல அமர்த்திப் பிடித்துக்கொள்கிறது. இப்படிப் பிறப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேரின் தாய் தகப்பன் சாதாரண உயரமுள்ளவர்கள்தாம்.

என் தாயார் மரிக்கும் நாள்மட்டும், கர்ப்பமாயிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்ததால்தான் நான் இப்படிப் பிறந்தேன் என்று தன்னையே நொந்துகொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் சொன்னதை நம்பிவிட்டார்கள். "அம்மா, கிரகணமும் இல்லை, நீங்களும் இல்லை" என்று எடுத்துச் சொல்ல அப்போது எனக்கு அறிவு போதவில்லை. இன்று இந்தக் கூட்டத்தில் அப்படிப்பட்ட தாய்மார் யாராவது இருந்தால், உங்களுக்காகவே இதைச் சொல்லுகிறேன். உங்கள்மேல் குற்றம் இல்லை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தையல் கற்றுக்கொண்டு, 19 வயதில் கடன் வாங்கி ஒரு மிஷின் வாங்கினேன். மிதிகட்டை என் காலுக்கு எட்டவில்லை. என் தகப்பனார் அதன்மேல் ஒரு மரக்கட்டையை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார். அந்தக் கட்டையை மிதித்துத்தான் தம்பியைப் படிக்கவைத்தேன், தங்கையைக் கட்டிக்கொடுத்தேன். தீபத் திருவிழா சமயத்திலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் இரவு பகலாய்த் தைப்பேன். பாவாடையும் ரவிக்கையும் தைத்துத் தைத்து முப்பது வருஷம் போனதே தெரியவில்லை.

நாற்பது வயதில் முழங்காலில் வலி வந்தது. என் கால்கள் பிறவியிலேயே வில்போல் வளைந்தவை. பாரம் முழங்காலின் ஒரு பக்கத்திலேயே விழும். ஆகையால் வலி வருவது இயல்புதான் என்று நினைத்தேன். மருந்துக் கடையில் கேட்டால் மாத்திரை கொடுப்பார்கள், வாங்கி விழுங்குவேன். முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று, கடைசியில் நாளுக்கு மூன்று. மருத்துவரைக் காணப் போகவில்லை. போனால் என்ன சொல்லிவிடுவார்கள், "உன் உடம்பு அப்படித்தான்" என்பார்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அது என் தவறு.

பிறகு வலியோடுகூட வேறொன்றும் வந்தது. கடைத்தெருவுக்கு நடந்துபோனால் பாதி வழியில் இரண்டு கால்களும் கனத்து, மரத்துப்போகும். இரும்புச் செருப்புப் போட்டதுபோல் இருக்கும். எங்கேயாவது குந்தி உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் சரியாகும். எழுந்து நடந்தால் மறுபடியும் வரும். முன்பு பஸ் நிலையம் வரைக்கும் ஒரே மூச்சில் நடந்தவள், இரண்டு தரம் உட்கார்ந்து போகலானேன். பிறகு நான்கு தரம். தெரிந்தவர்கள் கேட்டால் செருப்பு வார் அறுந்துவிட்டது என்பேன். எத்தனை தரம்தான் ஒரு வார் அறுந்துபோகும்!

2012-ம் வருஷம் மழைக்காலத்தில் குளியலறையில் விழுந்தேன். கால் வழுக்கவில்லை. கால் இருப்பதே தெரியவில்லை. அன்றைக்குத்தான் தம்பி என்னை வற்புறுத்தி நம் மருத்துவமனைக்கு அழைத்து வந்தான்.

அங்கே பிசியோதெரபி பிரிவில் இருந்த ஒரு தங்கச்சி என் முழங்காலைத் தொடுவதற்கு முன்னே ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, நடக்கும்போது கால் மரத்துப்போனால் என்ன செய்வீங்க? நின்றால் சரியாகுமா, குந்தினால் சரியாகுமா?" குந்தினால்தான் சரியாகும் என்றேன். உடனே மருத்துவரைக் கூப்பிட்டாள். அத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி அது. கேட்பதற்கு நானும் ஒருவருக்கும் இடம் கொடுக்கவில்லை.

அந்தக் கேள்வியின் பொருளை மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். எங்களைப்போன்றவர்களுக்கு முதுகெலும்பின் நடுவில் நரம்புகள் போகும் குழாய் பிறவியிலேயே குறுகலாக இருக்கும். இளவயதில் அது போதும். வயதாக ஆக எலும்பு தடித்து, இடைத்தட்டு பிதுங்கி, அந்தக் குறுகலான வழி இன்னும் அடைபடுகிறது. நிமிர்ந்து நின்றால் எங்களுக்கு இடுப்பு முன்பக்கமாய் அதிகம் வளைவதால், குழாய் மேலும் நெருக்கப்படுகிறது. குந்தினாலோ முன்னால் குனிந்தாலோ சற்றே திறக்கிறது. ஆகவே கால் வலி என்று நான் நினைத்ததில் பாதி, முதுகிலிருந்து வந்த வலி. முழங்காலுக்கு எத்தனை மாத்திரை தின்றாலும் அது எப்படித் தீரும்? தின்ற மாத்திரை சிறுநீரகத்தைத்தான் கெடுத்திருந்தது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முதுகெலும்பின் பின்புறத்தைத் திறந்து நரம்புக்கு இடம்விடும் அறுவை செய்தார்கள். வலி மிகவும் குறைந்தது. ஆனாலும் இடது பாதத்தின் பலம் முழுமையாகத் திரும்பவில்லை. நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்ததால் அப்படி ஆனது என்றார்கள். இரண்டு வருஷம் முன்பே வந்திருந்தால் ஒருவேளை இன்று நான் இந்த வாக்கர் இல்லாமல் நடந்திருப்பேன். அந்த "ஒருவேளை"யை நான் தினமும் நினைக்கிறேன். உங்கள் சபையில், உங்கள் தெருவில் என்னைப்போன்ற ஒருவர் இருந்தால், அவருக்கு இதைச் சொல்லுங்கள். நடந்தால் கால் மரத்து, குந்தினால் தெளிகிறதா? சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போகிறதா? அது சாதாரண மூட்டுவலி அல்ல. காத்திருக்கக் கூடாது.

எல்லாக் குள்ளத்தன்மையும் ஒன்றல்ல என்பதையும் பிற்பாடு கற்றுக்கொண்டேன். சில வகைகளில் மூட்டுகளே முதலில் பழுதடைகின்றன. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்தில் சாகர் என்ற ஊரின் பக்கத்திலே ஹந்திகோடு என்ற கிராமம் உண்டு. 1970-களின் நடுவில் அங்கும் சுற்றுக் கிராமங்களிலும் பல குடும்பங்களில் இளவயதிலேயே இடுப்பு மூட்டும் முழங்காலும் தேய்ந்து நடக்கமுடியாமல் போனது தெரியவந்தது. அவர்களில் சிலர் மிகவும் குள்ளமானவர்கள். எல்லாரும் ஏழை விவசாயக் கூலிகள். ஐதராபாத்திலுள்ள தேசிய சத்துணவு நிறுவனத்தார் ஆராய்ந்து 1977-ல் எழுதினார்கள். பூச்சிமருந்து கலந்த வயல் நண்டைத் தின்றதால் வந்ததோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். பிறகு அது பரம்பரையாய் வரும் எலும்புக் கோளாறு என்று தெளிவாயிற்று. சேற்றில் குனிந்து நாற்று நடுவதைத் தவிர வேறு பிழைப்பு இல்லாதவர்களுக்கு இடுப்பு போய்விட்டால் என்ன ஆகும்? நம் பக்கத்திலும் நாற்று நடுகிறோம், வேர்க்கடலை பறிக்கிறோம். அந்த ஜனங்களின் துன்பம் எனக்குத் தூரத்துச் செய்தியாகத் தோன்றவில்லை.

இப்போது என் அன்றாட வாழ்க்கையைச் சொல்லுகிறேன். இதில் பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை.

காலையில் எழுந்ததும் வெந்நீர் ஒத்தடம். பிறகு படுத்தபடியே தொடையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி, வயிற்றுத் தசைக்கான பயிற்சி, மொத்தம் இருபது நிமிஷம். தொடைத் தசை பலமாயிருந்தால் முழங்காலின் பாரம் குறைகிறது. வயிறு பலமாயிருந்தால் இடுப்பு வளைவு குறைகிறது. உடல் எடையைக் கவனமாகப் பார்க்கிறேன். என் உடம்புக்கு மற்றவர்கள் சாப்பிடுவதில் பாதியே போதும். ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் வளைந்த முழங்காலிலும் குறுகிய முதுகிலும்தான் உட்காருகிறது. விருந்துக்குப் போனால், "இவ்வளவுதானா சாப்பிடுறே, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று அன்பாய்ப் போடுகிறீர்களே, தயவுசெய்து போடாதீர்கள்!

வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் தொடுவதில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், "எனக்கு முதுகுக் குழாய் குறுகல், கழுத்தை அதிகம் வளைக்கக்கூடாது, மயக்கமருந்தை என் எடைக்குத் தக்கபடி கொடுக்கவேண்டும்" என்று எழுதிய சீட்டை முதலில் காட்டுவேன். பல் பிடுங்கப் போனாலும் காட்டுவேன்.

அடுத்தது வீடு. நம் ஊர்க் கழிப்பறையில் குந்தினால் எனக்கு எழுந்திருக்க முடியாது. மேல்நாட்டு முறையில் வைத்தாலோ கால் தரையில் படாமல் தொங்கும். கால் தொங்கினால் முதுகு வலிக்கும். நம் மருத்துவமனையிலிருந்து வந்து அளவெடுத்து, காலுக்கு ஒரு பலகை, சுவரில் இரண்டு கைப்பிடி வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் கை குட்டையானது, முழங்கையும் முழுதாய் நீளாது. சுத்தம் செய்துகொள்ளக்கூட எட்டாது. இதைச் சபையில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் இருந்தால் இது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு குழாய்த் தெளிப்பான் வைத்தார்கள். அன்றைக்கு நான் அழுதேன். அறுவை நடந்த நாளில்கூட அப்படி அழவில்லை.

மிஷினுக்கு மோட்டார் போட்டாகிவிட்டது. இடுப்பைத் தாங்கும் சாய்மானமுள்ள ஒரு சின்ன நாற்காலி, காலுக்கு ஒரு மணை. அடுப்படியில் ஒரு முக்காலி, சன்னலண்டை ஒரு முக்காலி. ஒவ்வொரு முக்காலியின் உயரமும் வேறு. எல்லாம் உள்ளூர்த் தச்சர் செய்தவை. இந்தக் கட்டைகளும் பலகைகளும்தான் என்னைப் பிறர் கைக்கு விடாமல் காத்து வருகின்றன.

பிறர் கை என்றதும் ஒரு காரியத்தைச் சொல்லியே ஆகவேண்டும். அறுவைக்குப் பின் சில மாதம் என்னால் நடக்க முடியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என்னைக் கேளாமல் தூக்கினார்கள். பஸ்ஸில் ஏற்றத் தூக்கினார்கள். ஆலயப் படியில் தூக்கினார்கள். அன்பினால்தான் செய்தார்கள், அறிவேன். ஆனாலும் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்ணைக் கைக்குழந்தைபோல் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் அவள் மனம் என்ன பாடுபடும்? முதுகுக்கும் அது ஆபத்து. என் தம்பி மனைவிதான் ஒருநாள் முதல்முறையாக என் எதிரே உட்கார்ந்து, "அண்ணி, நான் எப்படிப் பிடிக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். அன்றுமுதல் நான் என் கையை அவள் தோளில் வைப்பேன், அவள் அசையாமல் நிற்பாள், எழுந்திருப்பது நான். பத்து வருஷத்துக்கு மேலாக அப்படியே நடக்கிறது.

சக்கர நாற்காலி வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது இரண்டு வருஷம் மறுத்தேன். ஏற்கெனவே குள்ளம் என்று பார்க்கிறார்கள், இனி முடம் என்றும் பார்ப்பார்களே என்று பயந்தேன். அப்போது நம் பிசியோதெரபி தங்கச்சி டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாளைப்பற்றிச் சொன்னாள். நம் பக்கத்து வேலூரில் மருத்துவராயிருந்தபோது, 1954-ல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரு கால்களும் செயலிழந்தன. அந்த அம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார்கள். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார்கள். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட அவர்களே காரணம். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தது வேலை செய்வதற்காக. நான் மறுத்தது வேலைக்குப் போகாமல் வீட்டில் அடைந்து கிடப்பதற்காக. இதை யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டேன். இன்று வீட்டுக்குள் வாக்கர், தெருவில் சக்கர நாற்காலி. மிச்சமாகும் பலத்தைத் தையலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

சட்டமும் இப்போது எங்களைப் பெயர்சொல்லி அழைக்கிறது. 1995-ம் வருஷத்துச் சட்டத்தின் பட்டியலில் குள்ளத்தன்மை தனியாக இடம்பெறவில்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் அதுவும் ஒன்று. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்களுக்கு, சட்டம் சொல்லும் சலுகைகளைக் கேட்க உரிமை உண்டு. நம் ஊர்களில் இதை அறியாமலே இருக்கிறவர்கள் உண்டு. சான்றிதழ் வாங்க அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதும் ஓர் ஊழியம்தான்.

எலும்பு வளர உதவும் வொசொரிடைட் என்ற ஊசிமருந்துக்கு 2021-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கொடுத்தார்கள். தினமும் போடவேண்டும், வளர்ந்துவரும் பிள்ளைகளுக்குத்தான் அது. எலும்பு வளர்ச்சி நின்றுவிட்ட எங்களுக்கு அதனால் பயன் இல்லை. வயதானவர்களுக்கு வேண்டியதெல்லாம் சரியான நேரத்தில் ஒரு கேள்வி, சரியான உயரத்தில் ஒரு நாற்காலி.

ஆகையால் ஆதரவாளர்களாகிய உங்களுக்கு மூன்று விண்ணப்பங்களை வைக்கிறேன்.

ஒன்று. மருத்துவமனைக்குக் கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுக்கிறீர்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. அதில் ஒரு பங்கைத் தச்சுவேலைக்கும் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஊழியருக்கும் ஒதுக்குங்கள். கைப்பிடிக்கும் பலகைக்கும் ஆகும் செலவு சிறியது. திறப்பு விழா வைக்கத்தக்கதும் அல்ல. ஆனால் அது ஒருவரை இன்னும் பத்து வருஷம் தன் வேலையைத் தானே செய்யவைக்கும்.

இரண்டு. எங்கள் படத்தைப் போட்டுப் பரிதாபம் தேடவேண்டாம். ஐயா அவர்கள் இந்த உரையை இதழில் போட அனுமதி கேட்டார்கள். படம் இல்லாமல் போடுங்கள் என்றேன், சம்மதித்தார்கள்.

மூன்று. எனக்காக ஜெபிக்கிறவர்கள் சிலர் நான் உயரமாக வேண்டும் என்று ஜெபித்திருக்கிறார்கள். அன்புக்கு நன்றி. அதை நான் விட்டு வெகுநாளாயிற்று. என் வலது கால் இன்னும் சில வருஷம் தாங்கவேண்டும், என் தம்பி மனைவியின் தோளுக்குப் பலம் வேண்டும் என்று ஜெபியுங்கள். அவளுக்கும் வயதாகிறது. போன மாதம் அவளுக்கும் முழங்கால் வலி வந்துவிட்டது. மருந்துக் கடைக்குப் போகப் புறப்பட்டவளை நிறுத்தி, நானே கூட வந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன்.

சகேயு இறங்கி வந்தபின் தன் வீட்டுக்குப் போனான் என்று வாசிக்கிறோம். நானும் இப்போது என் வீட்டுக்குப் போகவேண்டும். கிறிஸ்துமஸ் துணிகள் குவிந்து கிடக்கின்றன. அடுத்த வருஷம் என்னைப் பேச அழைத்தால், மேடைக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை போட்டுவையுங்கள். பின்வரிசையில் இருப்பவர்களும் என்னைப் பார்க்கட்டும்.